மேலே திற என்று சொன்னவர்

ஓரான் நகரத்தில் வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்கிறவர்கள் லக்தரைத் தங்கக்காது என்று கூப்பிட்டார்கள். அந்தப் பெயர் அவருக்குப் பிடித்திருந்தது. கம்பெத்தா என்ற பகுதியில், கடலைப் பார்த்து நிற்கும் பழைய கட்டடம் ஒன்றின் நான்காவது மாடியில் அவர் வீடு. படுக்கையறைக்கும் சமையலறைக்கும் நடுவே இருந்த சின்ன அறைதான் ஸ்டூடியோ. சுவரெல்லாம் கம்பளி, ஜன்னலுக்கு ஒரு பழைய மெத்தை, ஒரு கணினி, இரண்டு ஸ்பீக்கர், ஒரு மைக். கீழ்வீட்டில் யாராவது குழாயைத் திறந்தால் பதிவை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

பதினெட்டு வயதில் கல்யாண மேடையில் கீபோர்டு வாசிக்க ஏறியவர், இருபது கோடைகாலம் ஆளுயர ஸ்பீக்கர்களுக்குப் பக்கத்திலேயே நின்று வாசித்தார். நாற்பதை நெருங்கும்போது முதுகு வலிக்கிறது என்று இறங்கி, மற்றவர்களின் பாட்டுகளில் குரலையும் கருவிகளையும் அளவாகச் சேர்த்து மிக்ஸ் செய்ய உட்கார்ந்தார். மிக்ஸ் என்றால் அப்படி என்னதான் செய்கிறாய் என்று அவர் மனைவி ஹூரியா ஒருமுறை கேட்டாள்.

"கல்யாணக் காருல பத்துப் பேரை ஏத்தற மாதிரி. ஒருத்தர் மடியில ஒருத்தர் உட்காரக் கூடாது. ஆனா பொண்ணு மட்டும் ஜன்னலோரமா எல்லாருக்கும் தெரியணும்" என்றார்.

"அப்போ நீ டிரைவரா?"

"நான் கதவைச் சாத்தறவன்."

அந்த வட்டாரத்தில் வீட்டு ஸ்டூடியோ வைத்திருந்த அறுபது பேருக்குமேல் சேர்ந்து போனில் ஒரு குழு நடத்தினார்கள். ஓரான்காரர்கள், மொஸ்தகானம்காரர்கள், ஸீதி பெல் அப்பாஸ் ஊரிலிருந்து சிலர். வெள்ளிக்கிழமை குஸ்குஸ் சாப்பிட்டு முடித்தபின் யாராவது ஒருவர் தன் மிக்ஸைப் போடுவார். மற்றவர்கள் கேட்டுவிட்டுக் கருத்துச் சொல்வார்கள். லக்தர் சொல்லும்வரை பலர் வாயே திறக்க மாட்டார்கள். அவர் சொல்வது பெரும்பாலும் இரண்டே சொல்தான்: மேலே திற. குரலின், தாளத்தின் மேல்பகுதியில் உள்ள கூர்மையை, பளபளப்பைக் கூட்டு என்று அதற்கு அர்த்தம். அவர் நாக்கும் கூர்மைதான்.

மொஸ்தகானத்தில் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் வஸீலா ஒரு வெள்ளிக்கிழமை தன் பாட்டைப் போட்டாள். லக்தர் எழுதினார்: "பாட்டு சரி. ஆனா போர்வைக்குள்ள உட்கார்ந்து பாடின மாதிரி இருக்கு. மேலே திற தங்கச்சி. காது கேக்காதவங்கதான் இப்படி மிக்ஸ் பண்ணுவாங்க."

சிரிக்கும் முகங்கள் வரிசையாக விழுந்தன. "நன்றி அண்ணே" என்று வஸீலா எழுதினாள். அதன்பிறகு அவள் எதையும் போடவில்லை. குழுவைவிட்டுப் போகவும் இல்லை.

அடுத்த பிப்ரவரியில் ஸஹ்வா படியேறி வந்தாள். பதினான்கு வருஷம் பெண்கள் கூடும் கல்யாண வீடுகளில் இன்னொரு பாடகியின் முதுகுக்குப் பின்னால் நின்று பாடியவள். இப்போது தன் பெயரில் ஆறு பாட்டுப் போட வந்திருந்தாள். கோடைக் கல்யாணங்கள் தொடங்குவதற்குள் முதல் பாட்டாவது வெளியே வர வேண்டும்.

"அண்ணே, எனக்கு முப்பத்தொம்பது ஆயிடுச்சு. இதுல விழுந்தா எழுந்திரிக்க மாட்டேன்" என்றாள்.

"நீ பாடு. மீதியை என்கிட்ட விடு."

அவள் பாடியபோது லக்தருக்கு மயிர்க்கூச்செறிந்தது. அடிவயிற்றிலிருந்து வரும் கரகரப்பான குரல். பத்து நாள் உட்கார்ந்து மிக்ஸ் செய்தார். எவ்வளவு செய்தும் குரலின் மேல் ஒரு திரை கிடப்பதுபோலவே தோன்றியது. மேலே திறந்தார். இன்னும் திறந்தார். திருப்தி வந்தபிறகு அனுப்பினார்.

மறுநாள் ஸஹ்வா போன் செய்தாள்.

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க. என் தம்பி டாக்ஸியில போட்டுக் கேட்டோம். பாதியிலேயே நிறுத்திட்டான். 'ஸ்' வர்ற இடமெல்லாம் காதுல ஊசி குத்துதுங்கறான்."

"டாக்ஸி ஸ்பீக்கர்ல கேட்டா ஊசி என்ன, கடப்பாரையே குத்தும்."

"வீட்லயும் கேட்டோமே."

"ஸஹ்வா, நீ பாடறவ. கேக்கற வேலை என்னோடது."

அந்த வெள்ளிக்கிழமை, தன் கட்சிக்கு ஆள் சேர்க்கிற எண்ணத்தில், லக்தர் அந்த மிக்ஸைக் குழுவில் போட்டார். அரைமணி நேரம் யாரும் எழுதவில்லை. பிறகு ஒருவர், "மேலே கொஞ்சம் கூடுதலோ அண்ணே?" என்றார். இன்னொருவர், "என் பொண்டாட்டி காதைப் பொத்திக்கிட்டு ரூமைவிட்டு ஓடிட்டா" என்று எழுதி, உடனே அதை அழித்தார். வஸீலா தனியாக ஒரு நீளமான செய்தி அனுப்பியிருந்தாள். இரண்டாவது சரணத்தில் எந்தெந்த எழுத்து வெட்டுகிறது, எந்த அளவில் எவ்வளவு குறைக்கலாம் என்று எண்களாகவே இருந்தது. கணக்கு டீச்சர் பழி வாங்குகிறாள் என்று நினைத்தார் லக்தர். பதில் எழுதவில்லை.

ஆனால் செவ்வாய்க்கிழமை காலை, ஸ்பீக்கரில்தான் கோளாறு இருக்க வேண்டும் என்ற சந்தேகம் வந்தது. அதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. அடித்தொண்டை உறுமலில் தொடங்கி, மெல்ல மெல்ல உயர்ந்து, கொசுவின் ரீங்காரத்தையும் தாண்டிப் போகும் ஒற்றை ஒலி. அதை ஓடவிட்டார். உறுமல் கேட்டது. விசில் கேட்டது. பிறகு, ஏணியில் ஏறியவன் பாதியில் காணாமல் போனதுபோல, ஒலி நின்றுவிட்டது. திரையில் அளவுகோல் மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது. ஸ்பீக்கர் செத்துவிட்டது என்று நினைத்தார். சத்தம் கூட்டும் குமிழைத் திருகினார். சத்தமில்லை. முழுக்கத் திருகினார்.

கதவு படாரென்று திறந்தது. ஹூரியா, இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு, விரலெல்லாம் ரொட்டிமாவோடு நின்றாள்.

"நிறுத்து! பைத்தியம் பிடிச்சிருக்கா?"

"என்ன?"

"என்னவா? மண்டைக்குள்ள ஆணி இறங்குது! மேல்வீட்டுக் குழந்தை அழுவுது! உனக்கென்ன காது செவிடா?"

அவர் ஒலியை நிறுத்தினார். மேலே குழந்தை அழுவது இப்போது அவருக்கும் கேட்டது. ஹூரியாவின் கைகள் மெல்லக் கீழே இறங்கின. காதோரத்தில் மாவு ஒட்டியிருந்தது. அவள் அவரையே பார்த்தாள்.

"ஸ்பீக்கரைச் சோதிச்சேன்" என்றார்.

அவள் காதோர மாவைத் துடைத்துக்கொண்டே சமையலறைக்குத் திரும்பினாள்.

காது டாக்டர் அவரை ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் உட்காரவைத்துப் பார்த்துவிட்டு, ஒரு தாளைக் கொடுத்தார். அதில் ஒரு கோடு பாதிவரை தரையில் நடந்து, பிறகு கிணற்றில் விழுந்ததுபோல இறங்கியிருந்தது.

"எத்தனை வருஷமா இப்படி?" என்றார் டாக்டர்.

"எனக்குத் தெரியவே தெரியாதே."

"மெதுவா போயிருக்கு. நாலைஞ்சு வருஷம் இருக்கும். கல்யாணக் கச்சேரியா?"

"இருபது வருஷம்."

"காதுக்குப் பஞ்சு வெச்சீங்களா?"

லக்தர் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. "திரும்ப வருமா?"

"வராது. கருவி வெச்சா பேச்சு தெளிவாக் கேக்கும்."

"பாட்டு?"

டாக்டர் பேனாவை மூடினார்.

அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஆலிவ் எண்ணெயைச் சுடவைத்துக் காதில் விட்டுக்கொண்டார். வறுத்த உப்பைத் துணியில் கட்டி ஒற்றடம் கொடுத்தார். நாளுக்கு நூறு தடவை கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் காதருகே உரசிப் பார்த்தார். சாவிக்கொத்தை ஆட்டினார். காகிதத்தைக் கசக்கினார். கைக்குள் காகிதம் நொறுங்குவது விரலுக்குத் தெரிந்தது, காதுக்குத் தெரியவில்லை.

ஸஹ்வாவின் பாட்டைக் கண்ணால் மிக்ஸ் செய்யத் தொடங்கினார். திரையில் வரைபடம் எங்கே உயர்கிறதோ அங்கே வெட்டினார். மூன்றாவது மிக்ஸ், நான்காவது, ஏழாவது. நாள் ஓடிக்கொண்டிருந்தது. வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. கல்யாண மண்டபங்கள் விளம்பரம் போட ஆரம்பித்துவிட்டன.

"இப்ப குத்தல அண்ணே" என்றாள் ஸஹ்வா போனில், களைத்த குரலில். "ஆனா அது நான் இல்ல. மூக்கடைச்சவ எவளோ பாடறா."

அடுத்ததைக் கேட்டுவிட்டு, "இதுல மறுபடி ஊசி" என்றாள். அதற்கடுத்ததற்கு அவளே தயங்கினாள். "என் குரலே அப்படித்தானோ அண்ணே? உண்மையைச் சொல்லுங்க. நீங்க சொன்னா நம்பறேன்."

லக்தர் போனைக் கீழே வைத்துவிட்டு அந்தக் கம்பளிச் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றார். இன்னொருவருக்குக் கொடுத்துவிடலாம். ஆனால் ஏன் என்று கேட்பார்கள். கேட்டால் சொல்ல வேண்டும். சொன்னால் இந்த அறையில் அவருக்கு என்ன வேலை? நாற்பத்து நான்கு வயதில், காது மட்டுமே தெரிந்த ஒருவன், காதில்லாமல் எங்கே போவான்? ஒருநாள் மதியம், எட்டாவது மிக்ஸைப் பாதியில் விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து, வாயைத் துண்டால் அடைத்துக்கொண்டு அழுதார். தன் அழுகை எவ்வளவு தூரம் கேட்கும் என்றுகூட அவருக்குத் தெரியவில்லை.

ஹூரியாவுக்குக் கேட்டிருந்தது. உள்ளே வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"சட்டைப்பையில இருந்த டாக்டர் சீட்டைப் பார்த்தேன். துவைக்கறப்போ" என்றாள்.

அவர் தலையைத் தூக்கவில்லை.

"சமையலறையிலேர்ந்து கூப்பிடுவேன், நீ வர மாட்ட. அலட்சியம்னு நினைச்சு மூணு வருஷமா உன்கூடச் சண்டை போட்டேனே. ஒரு தடவை உன்மேல செருப்பைக்கூட எறிஞ்சேன். சொல்லியிருக்கலாமே மனுஷா."

"எனக்கே தெரியாது ஹூரியா. சத்தியமா தெரியாது. உலகம்தான் மங்கலாயிடுச்சுன்னு நினைச்சேன். இப்பத்திப் பசங்களுக்கு மிக்ஸ் பண்ணத் தெரியலைன்னு நினைச்சேன்."

"யார்கிட்டயாவது கேளு. அந்தப் பொண்ணு பாட்டையாவது காப்பாத்து."

"யார்கிட்ட கேக்கறது? எல்லாரும் என்கிட்ட கேட்டவங்க."

அப்போதுதான் அவருக்கு வஸீலாவின் அந்த நீளமான செய்தி நினைவு வந்தது. எடுத்துப் பார்த்தார். ஒவ்வொரு எண்ணும் சரியாகத்தான் இருந்திருக்க வேண்டும். மறுநாள் பள்ளி இடைவேளை நேரம் பார்த்துப் போன் செய்தார்.

"வஸீலா தங்கச்சி, அன்னைக்கு நீ அனுப்பினது... கொஞ்சம் விளக்கமாச் சொல்லேன். நான் பிஸியா இருந்துட்டேன்."

எதிர்முனையில் பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள். அவள் ஒரு கதவைச் சாத்தினாள்.

"சொல்றேன் அண்ணே. அதுக்கு முன்னாடி அந்த விசிலை எடுத்தீங்களா?"

"எந்த விசில்?"

"உங்க மைக் பக்கத்துல ஏதோ ஒரு கருவி கீச்சுன்னு விசிலடிக்குது. உங்க ரூம்ல பதிவான எல்லாத்துலயும் இருக்கு. ரெண்டு வருஷமா."

லக்தர் மைக் இருந்த பக்கம் திரும்பினார். "ரெண்டு வருஷமாவா? யாரும் சொல்லலையே?"

"தங்கக்காதுகிட்ட யார் சொல்லுவா? வேணும்னேதான் விட்டிருக்கார்னு நினைச்சோம்." பிறகு குரல் இறங்கியது. "அண்ணே, எத்தனை நாளா கேக்கல?"

அவர் டாக்டர் சொன்னதுவரை சொன்னார். சொல்லி முடித்ததும், பாவம் என்று ஒரு வார்த்தை வரும் என்று எதிர்பார்த்தார். வரவில்லை.

"என் பாட்டை நீங்க சொன்னபடி மூணு தடவை மேலே திறந்தேன்" என்றாள் வஸீலா. "எனக்குக் காது குத்துச்சு. ஆனா அவரே சொல்றாரு, எனக்குத்தான் கேக்கலைன்னு நினைச்சேன். அறுபது பேர் முன்னாடி செவிடுன்னு சொன்னீங்க. பாட்டை அழிச்சேன். ஆறு மாசம் எதையும் தொடல. அது தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது."

"இப்ப தெரிஞ்சுக்குங்க. ஃபைலை அனுப்புங்க. உங்களுக்காக இல்ல. அந்தப் பொண்ணு நல்லாப் பாடியிருக்கா."

நான்கு நாள், பள்ளி விட்டபின் மூன்று மணி நேரம், போனிலேயே வேலை நடந்தது. அவள் சொல்வாள், அவர் நகர்த்துவார், அவளுக்கு அனுப்புவார், அவள் கேட்டுவிட்டுக் கூப்பிடுவாள். "இன்னும் ரெண்டு குறைங்க. ரொம்பப் போச்சு, ஒண்ணு ஏத்துங்க. இப்ப அவ பல் தெரியுது, உதடும் தெரியணும்." அவருக்கு எந்த மாற்றமும் கேட்கவில்லை. பூட்டிய கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, உள்ளே நாற்காலியை எங்கே போடுவது என்று கேட்பவனைப்போல இருந்தார். நான்காம் நாள் அவள், "போதும், கை எடுங்க" என்றாள்.

ஸஹ்வா மறுநாளே படியேறி ஓடிவந்தாள். வாசலில் நின்று நீளமாக ஒரு குலவை போட்டாள். எதிர்வீட்டுக் கதவுகள் திறந்தன.

"இதுதான் அண்ணே நான்! என் தம்பி டாக்ஸியில ஏறினவங்க எல்லாம் யாரு யாருன்னு கேக்கறாங்களாம்!"

ஹூரியா காபி கொண்டுவந்தாள். லக்தர் கோப்பையைப் பிடித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார். சொல்லச் சொல்ல ஸஹ்வாவின் முகத்திலிருந்து சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றது.

"அப்ப இதை மிக்ஸ் பண்ணது அந்த மொஸ்தகானம் டீச்சரா?"

"ஆமா. மீதி அஞ்சையும் அவகிட்டயே கொடு. நான் பேசிட்டேன்."

"டாக்டர் சீட்டு கொடுத்தது என்னைக்கு?"

"மார்ச்ல."

"இப்ப மே." அவள் எழுந்தாள். "ரெண்டு மாசம் நான் என் தொண்டையைச் சந்தேகப்பட்டேன் அண்ணே. தேனு, இஞ்சி, ஊசிகூடப் போட்டுக்கிட்டேன். கண்ணாடி முன்னாடி நின்னு 'ஸ்' சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். என் குரலே அப்படித்தானான்னு கேட்டப்போ நீங்க ஒண்ணும் சொல்லல. இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

அவள் காபியைத் தொடாமல், பாட்டுகள் பதிந்திருந்த ஹார்டு டிஸ்க்கை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

அதன்பிறகு அவர் ஒரு காரியம் செய்தார். குழுவில் தான் எழுதிய பழைய கருத்துகளை எல்லாம் முதலிலிருந்து படித்தார். மேலே திற. இன்னும் திற. மங்கலா இருக்கு, திற. நான்கு வருஷத்தில் முப்பத்தேழு பேர். சிலர் அவர் சொன்னபடி திருத்தி மறுபடி போட்டிருந்தார்கள். "இப்பத்தான் பாட்டு" என்று அவர் பாராட்டியிருந்தார். அந்தப் பாட்டுகள் எல்லாம் இப்போது எங்கோ யார் காதையோ குத்திக்கொண்டிருக்கும். போய் முகம் கழுவிவிட்டு வந்து, குழுவில் எழுதினார்: "எனக்கு மேல்ஒலி கேக்கறதில்ல. நாலைஞ்சு வருஷமா. நான் மேலே திறக்கச் சொன்னதெல்லாம் தப்பு. மன்னிச்சிடுங்க." பிறகு முப்பத்தேழு பேருக்கும் தனித்தனியாக எழுதினார்.

பாதிப்பேர் பதில் போடவில்லை. ஒருவர், "நான் உங்க பேச்சை எப்பவுமே கேட்டதில்ல அண்ணே, கவலைப்படாதீங்க" என்றார். இன்னொருவர் தன் பாட்டு நன்றாகத்தான் போனது என்றும், காரணம் தெரியவில்லை என்றும் எழுதினார். இருவர் திட்டினார்கள். ஸிக் ஊரிலிருந்து, குழுவைவிட்டு எப்போதோ போயிருந்த ஜெலூல் என்பவன் ஒரே வரி எழுதினான்: "நான் பாட்டையே விட்டுட்டேன். டைல்ஸ் கடையில இருக்கேன்."

லக்தர் பஸ் ஏறி ஸிக்குக்குப் போனார். ஜெலூலுக்கு முப்பது வயதிருக்கும். தலைமுடியெல்லாம் வெள்ளைத் தூசி. இவரைப் பார்த்ததும், "வாங்க தங்கக்காது. தரைக்கா, சுவருக்கா?" என்றான்.

"உன் பாட்டைக் கேக்க வந்தேன்."

"எதுக்கு? உங்களுக்குத்தான் கேக்காதே."

இருந்தாலும் போனை எடுத்து, கடை ரேடியோவில் இணைத்துப் போட்டான். முதலில் அவன் செய்தபடி. பிறகு லக்தர் சொன்னபடி திருத்தியது. நாணல் குழல் ஒன்று, தர்பூக்கா என்ற கைமேளம், அடியில் கனமாக இரையும் பாஸ் என்ற கீழ்ஒலி, ஜெலூலின் குரல்.

"ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியுதா?" என்றான் ஜெலூல்.

"தெரியல. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

"ரெண்டாவதைப் போட்டா எங்க அக்கா எழுந்து போயிடுவா. அதைத்தான் கல்யாண சீசன்ல வெளியிட்டேன். நாலு நாள்ல எடுத்துட்டேன். இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தீங்களா, ஒண்ணுதான்னு?"

"கேக்கறதைச் சொல்றேன்" என்றார் லக்தர். "தர்பூக்காவும் பாஸும் ஒண்ணை ஒண்ணு மிதிக்குது. பாஸை ஒரு இழை தள்ளி வெச்சா குரலுக்கு நிக்க இடம் கிடைக்கும். அது எனக்கு நிச்சயமாக் கேக்குது. மேலே இருக்கறது எனக்குத் தெரியாது. அதுல உன் காது சரியாத்தான் இருந்திருக்கு."

ஜெலூல் ரேடியோவை அணைத்தான். "திருத்தறதுக்குத் தனித்தனி ஃபைலெல்லாம் இல்லண்ணே. கம்ப்யூட்டரை மச்சானுக்குக் கொடுத்துட்டேன். அவன் அழிச்சிட்டான்."

அப்போது கடைக்குள் ஒருவர் வந்து, மூன்று டைல்ஸைக் குறுக்கே அறுத்துத் தரச் சொன்னார். ஜெலூல் காதுக்கு உறை மாட்டிக்கொண்டு வட்ட ரம்பத்தை ஓடவிட்டான். வந்தவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு தெருவுக்கே போய்விட்டார். எதிர்க்கடையில் காய் வாங்கிக்கொண்டிருந்த பெண் காதைப் பொத்தினாள். லக்தருக்கு ஒரு மோட்டார் உறுமுவது மட்டும் கேட்டது. ரம்பத்துக்கு இரண்டடி தள்ளி, கைகளைத் தொங்கவிட்டபடி, அவர் அப்படியே நின்றார். ஜெலூல் நிமிர்ந்து பார்த்தான். ரம்பத்தை நிறுத்தினான். தோளைப் பிடித்து அவரை வாசலுக்கு வெளியே கொண்டுபோய் நிறுத்தினான்.

"இங்க நில்லுங்க. மீதி இருக்கற காதும் போயிடும்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனான்.

கோடை வந்தது. ஸஹ்வாவின் பாட்டு கல்யாண வீடுகளில் ஒலித்தது. லக்தர் வீட்டு ஜன்னல் வழியாகவும் அது சிலநாள் வந்தது. அதில் அவருக்குக் கேட்டது பாதிதான். சின்ன அறை ஜன்னலிலிருந்து மெத்தையை எடுத்துவிட்டார்கள். ஹூரியா அங்கே துணி காயப்போடுகிறாள். அவரைக் கூப்பிட வேண்டுமென்றால் வந்து தோளைத் தொடுகிறாள். வெள்ளிக்கிழமைகளில் யாராவது குழுவில் மிக்ஸ் போட்டால் அவர் கேட்கிறார். பாஸ் பற்றியும் தாளம் பற்றியும் தனக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒன்றிரண்டை எழுதி, மீதிக்கு வேறு யாரையாவது கேளுங்கள் என்று முடிக்கிறார். பல வாரம் யாரும் அதற்குப் பதில் போடுவதில்லை. ஜெலூல் குழுவுக்குத் திரும்பவே இல்லை.